எஸ்7-300 இன்னும் ஓடுகிறது. ஸ்பேர் தயாராக இருக்கிறதா?

எந்த ஆலையின் ஸ்டோர்ஸிலாவது போய், "பிஎல்சிக்கு என்ன ஸ்பேர் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பிஎல்சி என்பது ஆலை இயந்திரங்களை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி. பெரும்பாலும் அதன் மூளையான சிபியூ ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். சீல் பிரிக்காத பெட்டி, மேலே தூசி, வாங்கி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். சரி, இதில் போட மெமரி கார்டு எங்கே? இப்போது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நகல் யாரிடம் இருக்கிறது? அதை ஏற்றும் லேப்டாப் ஆன் ஆகுமா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, பதில் சொல்பவரின் குரல் இறங்கிக்கொண்டே போகும்.

ராத்திரி ஷிஃப்டில் இருக்கும் எலக்ட்ரீஷியன் யாரையும் போனில் எழுப்பாமல் மாற்றி லைனை ஓட்ட முடிந்தால்தான் அதை ஸ்பேர் என்று கணக்கில் சேர்க்க வேண்டும். மற்றதெல்லாம் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஒரு வரி. சீமென்ஸின் எஸ்7-300 என்ற பிஎல்சி குடும்பத்தை வைத்தே இதைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் காகித ஆலை, சர்க்கரை ஆலை, டயர் தொழிற்சாலை, தண்ணீர் சுத்திகரிப்பு நிலையம் என்று எங்கே பேனலைத் திறந்தாலும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டிகள் இன்னும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. தொண்ணூறுகளின் நடுவில் வந்த குடும்பம் இது. 2023 அக்டோபரில் சீமென்ஸ் இதைப் படிப்படியாக நிறுத்தும் கட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டது. உதிரிபாகமாக 2033 வரை கிடைக்கும் என்பது அறிவிப்பு. கிடைக்கும் என்பதற்கு, நாளைக்கே கிடைக்கும் என்றோ நேற்றைய விலைக்குக் கிடைக்கும் என்றோ பொருள் இல்லை.

முதலில், எது போகிறது என்று பார்ப்போம். எல்லோரும் பயப்படுவது சிபியூவைப் பற்றி. ஆனால் சிபியூ அபூர்வமாகத்தான் போகும். அடிக்கடி போவது 24 வோல்ட் பவர் சப்ளை, அடுத்து அவுட்புட் கார்டு (வால்வு, விளக்கு போன்றவற்றுக்கு ஆணை அனுப்புவது), அப்புறம் ரிலே கார்டின் காண்டாக்ட், ப்ரொஃபிபஸ் (பிஎல்சியையும் தூர ரேக்குகளையும் இணைக்கும் தகவல் கேபிள்) கனெக்டர். சிபியூவுக்கு ஒன்று வாங்கி வைத்துவிட்டு பவர் சப்ளைக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் கோணல். விலையில் சிபியூ பெரியது; லைனை நிறுத்துவதில் பவர் சப்ளையும் அதே அளவு பெரியது.

பிஎஸ் 307 பவர் சப்ளைக்குள் இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் சூட்டில் காய்ந்துபோகும். சுற்றியிருக்கும் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. பேனலின் ஃபில்டர் பஞ்சடைத்து உள்ளே 50 டிகிரி நிற்கும் ஆலையில், 30 டிகிரியில் நிற்கும் பேனலைவிட நாலில் ஒரு பங்கு காலம்தான் தாங்கும். இது ஒரே நாளில் செத்துப்போவதும் குறைவு. முதலில் லோடு ஏறும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரியும். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் மட்டும் சிபியூ ஸ்டாப்புக்குப் போகும். ஆட்கள் புரோகிராமைச் சந்தேகிப்பார்கள், கேபிளைச் சந்தேகிப்பார்கள், பவர் சப்ளையின் பச்சை விளக்கு எரிவதால் அதை விட்டுவிடுவார்கள். மல்டிமீட்டரில் 24 காட்டும். ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால்தான் ரிப்பிள், அதாவது மின்னழுத்தத்தின் நடுக்கம், தெரியும். சூடான பேனல்களில் பத்து வருடம் ஆனதை, கெடும்வரை காத்திருக்காமல் ஆண்டு ஷட்டவுனில் மாற்றிவிடுவது என் பரிந்துரை.

மாற்றும்போது ஒரு சின்ன விஷயம். பழைய வகை பிஎஸ் 307இல் 120/230 வோல்ட் செலக்டர் சுவிட்ச் உண்டு. அது 120இல் இருக்க 230ஐக் கொடுத்தால் புது சப்ளை அந்த நொடியே போய்விடும். ஸ்டோர்ஸுக்குள் வரும்போதே சுவிட்சை 230க்குத் தள்ளி, அதன்மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள்.

அவுட்புட் கார்டு கதை வேறு. அது தானாகச் சாவது குறைவு. ஃபீல்டில் இருக்கும் ஏதோ ஒன்று அதைக் கொல்லும். ஜங்ஷன் பாக்ஸில் தண்ணீர், உருகிப்போன சாலினாய்டு (வால்வைத் திறக்கும் மின்காந்தம்) காயில், கதவு நசுக்கிய கேபிள். காரணத்தைத் தேடாமல் புதுக் கார்டைப் போட்டால் அதுவும் போகும். கையிருப்பில் இரண்டு இருந்தால் இரண்டும் ஒரே ராத்திரியில் தீரும். ஆகவே கார்டைக் கையில் எடுக்கும் முன், கழற்றிய ஃப்ரண்ட் கனெக்டரில் ஒவ்வொரு அவுட்புட் டெர்மினலுக்கும் எம் (0 வோல்ட்) டெர்மினலுக்கும் இடையே ஓம் பார்க்க வேண்டும். 24 வோல்ட், 10 வாட் சாலினாய்டு என்றால் ஏறக்குறைய 58 ஓம் காட்டும். 10 ஓமோ 5 ஓமோ காட்டினால் அந்தக் கம்பியைக் கழற்றி, டேப் சுற்றி, சீட்டு கட்டிவிட்டுத்தான் புதுக் கார்டு.

32 அவுட்புட் கொண்ட எஸ்எம் 322 கார்டில் ஒவ்வொரு அவுட்புட்டும் 0.5 ஆம்பியர் தரும். எட்டு எட்டாகப் பிரித்த ஒவ்வொரு குழுவுக்கும் தனி வரம்பு உண்டு: 40 டிகிரி வரை 4 ஆம்பியர், 60 டிகிரி வரை 3 ஆம்பியர்தான். மேலே சொன்ன 10 வாட் சாலினாய்டு 0.42 ஆம்பியர் இழுக்கும். ஒரே குழுவில் எட்டும் ஒன்றாக ஆன் ஆனால் 3.3 ஆம்பியர். டிசம்பரில் பிரச்சினை வராது. பேனல் ஏசி நின்றுபோன மே மாதத்தில் அதே கார்டு வரம்பைத் தாண்டி ஓடும். ஒரே ஸ்லாட்டில் மட்டும் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கார்டு போகிறது என்றால் முதலில் இந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். ஸ்பேர் எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, நாலு சாலினாய்டுகளுக்கும் கார்டுக்கும் நடுவில் ரிலே போடுவது மலிவு.

இனி கழற்றி மாட்டுவது. எஸ்7-300இன் மெயின் ரேக்கில் மின்சாரம் இருக்கும்போது கார்டைப் பிடுங்கக் கூடாது. சிபியூவை ஸ்டாப்புக்குக் கொண்டுபோய், பவர் சப்ளையை ஆஃப் செய்ய வேண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஃபீல்டுக்குப் போகும் 24 வோல்ட் வேறு எம்சிபியிலிருந்து (சர்க்யூட் பிரேக்கர்) வரலாம். ரிலே கார்டாக இருந்தால் அதன் காண்டாக்ட்டுகளில் எம்சிசி எனப்படும் மோட்டார் கன்ட்ரோல் பேனலிலிருந்து வரும் 230 வோல்ட் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிஎல்சி செத்திருக்கிறது, விளக்கு எதுவும் எரியவில்லை என்று கை வைத்து அடி வாங்குவது இங்கேதான். ஒவ்வொரு ரிலே டெர்மினலையும் டெஸ்ட் செய்த பிறகே ஃப்ரண்ட் கனெக்டரைத் தொட வேண்டும்.

கம்பிகளைக் கழற்ற வேண்டியதில்லை. 20 பின் கனெக்டர் என்றால் மேலே இருக்கும் பொத்தானை அழுத்தி இழுக்கலாம். 40 பின் என்றால் நடுவில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். பிறகு கார்டின் அடியில் இருக்கும் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கார்டை மேல்நோக்கிச் சாய்த்து வெளியே எடுக்கலாம். புதுக் கார்டை ரெயிலில் மாட்டி, அதே ஸ்க்ரூவை 0.8 முதல் 1.1 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கினால் போதும்.

ஒவ்வொரு ஆலையிலும் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்த அடி. புதுக் கார்டில் ஃப்ரண்ட் கனெக்டர் போய் உட்காரும் குழியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கோடிங் துண்டு இருக்கும், இரண்டு பாகமாக. முதல்முறை கனெக்டரை அழுத்தும்போது அதன் ஒரு பாதி கனெக்டரோடு ஒட்டிக்கொள்ளும், மறுபாதி கார்டிலேயே இருக்கும். தவறான வகைக் கார்டில் அந்தக் கனெக்டர் நுழையாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நீங்கள் மாட்டப்போகும் பழைய கனெக்டரில் ஏற்கனவே ஒரு பாதி இருக்கிறது. புதுக் கார்டிலோ இரண்டு பாதியும் இருக்கின்றன. ஆகவே புதுக் கார்டில் இருக்கும் மேல் பாதியை முதலில் பிய்த்து எடுத்துவிட வேண்டும். தெரியாதவர்கள் கனெக்டரை உள்ளங்கையால் குத்தி அழுத்துவார்கள். அது அரைகுறையாக உட்காரும், நாலைந்து பின் தொடாது, "புதுக் கார்டும் டிஃபெக்ட்" என்று ஸ்டோர்ஸுக்குத் திரும்பும்.

அனலாக் இன்புட் கார்டில் இன்னொரு பொறி இருக்கிறது. எட்டு சேனல் கொண்ட எஸ்எம் 331இன் இடது பக்கத்தில் விரல்நுனி அளவு சதுரக் கட்டைகள் நாலு செருகியிருக்கும், இரண்டு சேனலுக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டையையும் ஏ, பி, சி, டி என்று நாலு விதமாகத் திருப்பிச் செருகலாம். ஏ என்பது தெர்மோகப்பிளும் ஆர்டிடியும், அதாவது வெப்பநிலை சென்சார்கள். பி என்பது வோல்ட்டேஜ். சி என்பது நாலு வயர் ட்ரான்ஸ்மிட்டரின் கரண்ட், டி என்பது இரண்டு வயர் ட்ரான்ஸ்மிட்டரின் கரண்ட். பெட்டியிலிருந்து வரும்போது எல்லாம் பியில் இருக்கும். அப்படியே மாட்டினால் எஸ்எஃப் (கோளாறு) விளக்கு சிவப்பாக எரியும், இரண்டு வயர் ட்ரான்ஸ்மிட்டருக்குச் சப்ளையே போகாது. கட்டைகள் பக்கவாட்டில் இருப்பதால் கார்டை மாட்டிய பிறகு கண்ணில் படாது. மறுபடி எல்லாவற்றையும் கழற்றினால்தான் தெரியும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கழற்றி, பழைய கார்டில் இருந்த எழுத்துக்கு நேராகத் திருப்பிச் செருக வேண்டும். பழையது கருகிப்போய்ப் படிக்க முடியாவிட்டால் ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனில் இருக்கும். அதைவிட எளிய வழி, பேனல் கதவின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டுவது: "ஸ்லாட் 6: டி டி சி பி".

சிபியூ அபூர்வமாகத்தான் போகும் என்றேன். போனால் மட்டும் அன்று ராத்திரி நீளும்.

315-2டிபி சிபியூவில் 2ஏஎஃப்03 போன்ற பழைய பதிப்புகள் லித்தியம் பேட்டரியில் புரோகிராமைத் தாங்கின. பின்னால் வந்த 2ஏஜி10, 2ஏஎச்14 ஆகியவற்றில் பேட்டரி கிடையாது. எம்எம்சி எனப்படும் மைக்ரோ மெமரி கார்டு இல்லாமல் சிபியூ வேலையே செய்யாது. பேட்டரி காலத்து சிபியூ செத்து, கையில் இருப்பது புது பதிப்பு என்றால், நேரடியாக மாற்ற முடியாது. ஹார்டுவேர் கான்ஃபிகரேஷனில் சிபியூவை மாற்றி, கம்பைல் செய்து, எம்எம்சியில் ஏற்ற வேண்டும். இது பகலில், நிதானமாக, முன்கூட்டியே செய்து வைக்க வேண்டிய வேலை. பேட்டரி காலத்து சிபியூ இன்னும் ஓடும் பேனல் உங்களிடம் இருந்தால், மாற்றிய புராஜெக்ட்டை ஏற்றிய எம்எம்சியோடு சேர்த்துத்தான் அந்த ஸ்பேர் சிபியூவைப் பெட்டியில் வைக்க வேண்டும். இன்னொன்று: அந்தப் பேட்டரியை மாற்றும்போது பிஎல்சிக்கு மின்சாரம் இருக்க வேண்டும். ஆஃப் செய்துவிட்டுப் பேட்டரியைக் கழற்றுகிறவர் புரோகிராமையும் சேர்த்தே கழற்றுகிறார்.

எம்எம்சி சிபியூவில் வேலை எளிது போலத் தோன்றும். பவரை ஆஃப் செய், செத்த சிபியூவிலிருந்து கார்டை எடு, புதிதில் போடு, பவர் கொடு. ஸ்டாப் விளக்கு மெதுவாக மினுக்கும். சிபியூ மெமரி ரீசெட் கேட்கிறது என்று அர்த்தம். சுவிட்சை எம்ஆர்இஎஸ் பக்கம் அழுத்திப் பிடித்து, ஸ்டாப் விளக்கு இரண்டாம் முறை எரிந்து நிலைக்கும்வரை ஏறக்குறைய மூன்று நொடி வைத்து, விட்டு, மூன்று நொடிக்குள் மறுபடி அழுத்த வேண்டும். விளக்கு வேகமாக மினுக்கி நிற்கும். அதன் பிறகு ரன். லைன் ஓடும்.

ஓடும், ஆனால் எந்த செட்பாயிண்ட்டில்? எம்எம்சியில் இருப்பது புரோகிராமும் டேட்டா பிளாக்குகளின் ஏற்றிய நேரத்து மதிப்புகளும். ஆபரேட்டர் மூன்று வருடமாக எச்எம்ஐ திரையில் தட்டித் தட்டிச் சரிசெய்த டைமர், டோசிங் அளவு, லோடு செல் கேலிப்ரேஷன் எல்லாம் சிபியூவின் உள் நினைவகத்தில் இருந்தன. சிபியூவோடு அவையும் போயின. புது சிபியூ, கமிஷனிங் நாளன்று இன்ஜினியர் போட்டுவிட்டுப் போன எண்களோடு எழுந்திருக்கும். விளக்கு எல்லாம் பச்சை, அலாரம் எதுவும் இல்லை, ஆனால் பொருளின் தரம் தப்பும். காரணம் கண்டுபிடிக்க இரண்டு ஷிஃப்ட் ஆகும்.

இதற்கு மூன்று வழி உண்டு. ஷட்டவுனில் சிபியூ ஸ்டாப்பில் இருக்கும்போது "காப்பி ரேம் டு ரோம்" கட்டளை கொடுத்து (ஓடும் நினைவகத்திலிருந்து கார்டுக்கு எழுதுவது) நடப்பு மதிப்புகளை எம்எம்சியில் பதித்துவிடலாம். அல்லது டேட்டா பிளாக்குகளை ஆன்லைனில் இருந்து எடுத்து லேப்டாப்பில் சேமிக்கலாம். மூன்றாவது, புரோகிராமிலேயே எஸ்எஃப்சி 84 என்ற உள்ளமைந்த செயல்பாட்டை அழைத்து முக்கியமான டேட்டா பிளாக்கை எம்எம்சிக்கு எழுத வைப்பது. இதில் கவனம் தேவை: எம்எம்சியில் எழுதும் தடவைகளுக்கு வரம்பு உண்டு. ஒவ்வொரு ஸ்கேனிலும் (புரோகிராமின் ஒரு சுற்று) எழுதினால் கார்டு சீக்கிரம் தீர்ந்துபோகும். ஆபரேட்டர் "சேவ்" பொத்தான் அழுத்தினால் மட்டும் எழுதட்டும்.

எம்எம்சியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. பார்க்க சாதா கேமரா கார்டு போலவே இருக்கும், ஆனால் உள்ளமைப்பு சீமென்ஸுக்கே உரியது. லேப்டாப்பின் கார்டு ரீடரில் போட்டு, விண்டோஸ் "ஃபார்மட் செய்யவா?" என்று கேட்க, ஒருவர் "சரி" அழுத்தினால் அந்தக் கார்டு குப்பை. சிபியூ ரன்னில் இருக்கும்போது எம்எம்சியைப் பிடுங்கினாலும் சிபியூ ஸ்டாப்புக்குப் போகும், கார்டில் இருப்பதும் கெடலாம். ஒவ்வொரு சிபியூவுக்கும் ஒரு ஸ்பேர் எம்எம்சி, அதில் இன்றைய புரோகிராம், உறையின்மேல் பேனல் பெயரும் தேதியும். நான் ஆலை ஸ்பேர் பட்டியல் போட்டால் இதுதான் முதல் வரி. சிபியூவே பிறகுதான்.

ரிமோட் ஐஓவுக்கு வருவோம்; சிபியூவிலிருந்து தள்ளி நிற்கும் ஈடி 200எம் கார்டு ரேக்குகள் அவை. அந்த ரேக்கைப் பஸ்ஸோடு இணைக்கும் ஐஎம் 153-1இல் ப்ரொஃபிபஸ் அட்ரஸ் டிப் சுவிட்சில் வைக்கப்படுகிறது. பழையதைப் பார்த்து அதே மாதிரி வைத்து மாட்ட வேண்டும். மின்சாரம் கொடுத்த பிறகு சுவிட்சைத் தள்ளினால் அடுத்தமுறை ஆஃப்-ஆன் செய்யும்வரை புது அட்ரஸ் எடுபடாது. ஆக்டிவ் பஸ் மாட்யூல் போட்ட ஈடி 200எம் ரேக் என்றால் ஓடும்போதே கார்டை மாற்றலாம். சாதா யூ வடிவ பஸ் கனெக்டர் போட்டது என்றால் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் இதையும் கதவுச் சீட்டில் எழுதுங்கள். பஸ்ஸின் இரண்டு நுனிக் கனெக்டர்களில் மட்டும் டெர்மினேஷன் சுவிட்ச் ஆன். நடுவில் இருக்கும் கனெக்டர் எதிலாவது யாரோ ஆன் செய்துவிட்டால் அதற்கு அப்பால் இருக்கும் ரேக்கெல்லாம் காணாமல் போகும், எல்லோரும் ஐஎம் கார்டை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஈதர்நெட் கார்டான சிபி 343-1 மாற்றும்போது ஐபி பழையபடி வந்தாலும் மேக் அட்ரஸ் (கார்டின் வன்பொருள் முகவரி) புதிது. மேனேஜ்டு சுவிட்சில் போர்ட் செக்யூரிட்டி போட்டிருந்தால் சுவிட்ச் அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். ஐடி ஆட்களின் போன் நம்பரும் ஸ்பேர் பெட்டிக்குள் ஒரு பொருள்தான். ஃபெயில்-சேஃப் கார்டு (பாதுகாப்பு நிறுத்தத்துக்கானது) என்றால் முதுகில் இருக்கும் ப்ரொஃபிசேஃப் அட்ரஸ் சுவிட்சைப் பழைய கார்டைப் பார்த்து அப்படியே வைத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். மாட்டிய பிறகு எமர்ஜென்சி ஸ்டாப்பை நிஜமாகவே அழுத்திப் பார்க்காமல் லைனை ஒப்படைக்கக் கூடாது.

எத்தனை வைப்பது? "பத்துக்கு ஒன்று" என்ற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மோசமில்லை, ஆனால் கணக்குப் போடுவது கடினமும் இல்லை. உதாரணத்துக்கு ஆலை முழுக்க 60 அவுட்புட் கார்டு. கார்டின் எம்டிபிஎஃப் (ஒரு பழுதுக்கும் அடுத்ததுக்கும் இடையிலான சராசரிக் காலம்) 50 வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர் போட்டு வந்து சேர 20 வாரம். 60ஐ 20/52ஆல் பெருக்கினால் 23 கார்டு-வருடம். 50ஆல் வகுத்தால் 0.46. அதாவது சரக்கு வருவதற்குள் சராசரியாக அரைக் கார்டுக்குச் சற்றுக் குறைவாகப் போகும். பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கில் போட்டால், ஒரு ஸ்பேர் வைத்தால் போதுமானதாக இருக்கும் வாய்ப்பு 92 சதவீதம், இரண்டு வைத்தால் கிட்டத்தட்ட 99 சதவீதம். ஆக 60க்கு ஆறு தேவையில்லை, இரண்டு போதும்.

இது திரும்ப வாங்க முடியும் என்ற வரைதான். இனி வாங்க முடியாது, இந்த லைனை இன்னும் எட்டு வருடம் ஓட்ட வேண்டும் என்றால் அதே கணக்கு 60 × 8 / 50 = 9.6 என்று ஆகிறது. 95 சதவீத நிச்சயத்துக்கு 15 கார்டு வேண்டும். இரண்டிலிருந்து பதினைந்துக்குத் தாவுவதைப் பார்த்தால், நிறுத்த அறிவிப்பு வந்ததும் பர்ச்சேஸ் ஏன் அவசரப்பட வேண்டும் என்பது விளங்கும். சீமென்ஸ் தரும் எம்டிபிஎஃப் 40 டிகிரி சுற்றுப்புறத்துக்கான எண் என்பதும் நினைவில் இருக்கட்டும். உங்கள் பேனல் 50இல் நின்றால், உங்கள் பிரேக்டவுன் ரெஜிஸ்டரில் கடந்த பத்து வருடத்தில் எத்தனை போயிருக்கிறது என்று எண்ணி அதை நம்புங்கள்.

ஆலையிலேயே ஒன்றே ஒன்று இருக்கும் கார்டுக்கு இந்தக் கணக்கு பூஜ்யம் என்று சொல்லும். அங்கே கணக்கைக் கேட்காதீர்கள். அது போனால் லைன் 20 வாரம் நிற்கும் என்றால் ஒன்று வைத்தே ஆக வேண்டும். எஃப்எம் 350 கவுண்டர், எஃப்எம் 355 கன்ட்ரோலர், எடை இயந்திரத்தோடு பேசும் சிபி 341 போன்றவை இந்த வகை.

இப்படி வாங்கி வைத்ததை ஸ்டோர்ஸ் ஆடிட்டர் ஐந்து வருடம் கழித்து "நகராத ஐட்டம்" பட்டியலில் போட்டு ஏலத்துக்கு அனுப்பச் சொல்வார். அவர் வேலை அது. மெட்டீரியல் கோடு திறக்கும் அன்றைக்கே "இன்ஷூரன்ஸ் ஸ்பேர்" என்று வகைப்படுத்தி, எந்த லைனுக்கு, நின்றால் ஒரு நாளைக்கு என்ன நஷ்டம் என்று குறிப்பில் போட்டுவிட்டால் அந்தச் சண்டை வராது.

வைக்கும் இடம். எம்சிசி அறையின் மூலையில் இருக்கும் இரும்பு பீரோ வசதிதான், ஆனால் காகித ஆலை, விஸ்கோஸ், கழிவுநீர் நிலையம் போன்ற இடங்களில் காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு பேனலுக்குள் இருக்கும் கார்டைத் தின்னும் அதே வேகத்தில் பீரோவில் இருப்பதையும் தின்னும். ஐஎஸ்ஏ 71.04 தரநிலையில், செப்புத் தகட்டில் மாதத்துக்கு 300 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே அரிப்பு இருந்தால்தான் அது ஜி1, அதாவது எலக்ட்ரானிக்ஸுக்குப் பாதகமில்லாத காற்று. செப்புத் துண்டு ஒன்றைத் தேய்த்துப் பளபளப்பாக்கி பீரோவுக்குள் ஒரு மாதம் தொங்கவிட்டால், லேப் இல்லாமலே ஓரளவு தெரியும். கறுத்தால் ஸ்பேரை நிர்வாக அலுவலகத்துக்கு மாற்றுங்கள். பகலில் ஏசி ஓடி ராத்திரி அணையும் அறையும் நல்லதல்ல, ஈரம் கோக்கும். கார்டுகளை வெள்ளி நிற ஷீல்டிங் பையில் வைத்து, சிலிகா ஜெல் போட்டு மூடுங்கள். இளஞ்சிவப்புப் பை தானாக நிலைமின்சாரத்தை உண்டாக்காது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு டெஸ்ட் ரேக் வேண்டும். பெரிய செலவில்லை: ஒரு ரெயில், ஒரு பிஎஸ் 307, ஒரு 315-2டிபி, ஒரு ஐஎம் 153, சுவிட்சும் விளக்கும் கம்பி கட்டிய இரண்டு ஃப்ரண்ட் கனெக்டர், ஒரு 4-20 மில்லியாம்ப் சோர்ஸ். புதிதாக வரும் ஒவ்வொரு கார்டும் அதில் 24 மணி நேரம் ஓடிவிட்டுத்தான் ஷெல்ஃபுக்குப் போக வேண்டும். உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே டிஃபெக்ட் தெரிந்துவிடும், கெபாசிட்டர்களுக்கும் நல்லது. (மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவ் ஸ்பேர்களில் இது இன்னும் கறாரானது. இரண்டு வருடத்துக்கு மேல் மின்சாரம் காணாத டிரைவுக்கு நேரடியாக முழு வோல்ட்டேஜ் கொடுக்கக் கூடாது; டிசி லிங்க் கெபாசிட்டரை மெல்ல மெல்ல ஏற்றிப் பழக்க வேண்டும்.)

செகண்ட்ஹேண்ட் சந்தையைத் தவிர்க்க முடியாத காலம் வந்துவிட்டது. "புதியது, பழைய ஸ்டாக்" என்று வரும் பெட்டியைத் திறந்ததும் மூன்று இடம் பாருங்கள்: ஸ்க்ரூ தலையில் கீறல், பின்னால் இருக்கும் பஸ் பின்களில் உரசிய கோடு, பெட்டி லேபிளிலும் கார்டிலும் சீரியல் நம்பர் ஒன்றா என்பது. பயன்படுத்திய சிபியூ என்றால் டெஸ்ட் ரேக்கில் மெமரி ரீசெட் செய்யாமல் ஓடும் பேனலின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கூடவே வந்த எம்எம்சியில் வேறு எங்கோ ஓடிய ஆலையின் புரோகிராம் இருக்கும். அதோடு உங்கள் ரேக்கில் ரன் போட்டால் உங்கள் வால்வுகள் அந்த ஆலையின் தர்க்கப்படி திறக்கும். பாஸ்வேர்டு போட்ட எம்எம்சியும் இப்படி வரும். விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள்.

லேப்டாப்பையும் இந்தப் பட்டியலில் சேர்த்தே ஆக வேண்டும். ஸ்டெப் 7 என்ற புரோகிராமிங் மென்பொருளின் பழைய பதிப்பு, லைசன்ஸ், யூஎஸ்பி பிசி அடாப்டர், அதன் டிரைவர் எல்லாம் சேர்ந்து ஒரு விர்ச்சுவல் மெஷினாக இரண்டு இடத்தில் இருக்கட்டும். விண்டோஸ் அப்டேட் ஒன்று டிரைவரைக் கெடுத்துவிட்டது என்பது அதிகாலை மூன்று மணிக்குத் தெரிய வேண்டிய செய்தி அல்ல.

இத்தனைக்குப் பிறகும் 15 கார்டு வாங்கப் பணம் இல்லை என்றால் இன்னொரு வழி இருக்கிறது. நாலு லைனில் ஒன்றை அடுத்த தலைமுறை எஸ்7-1500க்கு மாற்றினால் அதிலிருந்து கழற்றியவை மற்ற மூன்றுக்கும் ஸ்பேர். எந்த லைனை முதலில் மாற்றுவது என்பதற்குப் பெரும்பாலும் பழைய லைன் என்று பதில் வரும். கிடைக்காத கார்டு எந்த லைனில் அதிகமோ அதை முதலில் மாற்றுங்கள். எஃப்எம் கார்டுகள் உள்ள லைன் முன்னால் வரட்டும். ஈடி 200எம் ரேக்குகளை எஸ்7-1500இன் கீழ் ப்ரொஃபிபஸிலோ, ஐஎம் 153-4 போட்டு ப்ரொஃபிநெட்டிலோ தொடர்ந்து ஓட்ட முடியும் என்பதால், ஃபீல்டு வயரிங்கைத் தொடாமல் சிபியூவை மட்டும் மாற்றும் அரைக் கட்டமும் சாத்தியம். கழற்றி வரும் கார்டுகளை டெஸ்ட் ரேக்கில் ஓட்டி, "பயன்படுத்தியது" என்று லேபிளும் கழற்றிய தேதியும் ஒட்டி, புதியவற்றிலிருந்து தனி அடுக்கில் வையுங்கள். ரிலே கார்டுகளையும் பிஎஸ் 307களையும் மட்டும் இப்படிச் சேர்க்க வேண்டாம். காண்டாக்ட்டும் கெபாசிட்டரும் ஏற்கனவே தேய்ந்தவை, அவற்றைப் புதிதாகவே வாங்குங்கள்.